கையில் உள்ள அட்டை போதும்



2025 ஆகஸ்ட் 31. நம் தேசிய தினம். அன்று முதல், 18 வயது நிரம்பிய மலேசியர் ஒவ்வொருவருக்கும் சாரா என்ற அரசு உதவியாக 100 ரிங்கிட் கிடைத்தது. எதில் வந்தது? மைகாட் அடையாள அட்டையில் வந்தது. பதிவுபெற்ற கடையில் அட்டையைக் கொடுத்து அரிசி, ரொட்டி, பிஸ்கட் வாங்க முடிந்தது. செயலி தேவைப்படவில்லை. கடவுச்சொல் தேவைப்படவில்லை. பாரம் நிரப்பவும் தேவைப்படவில்லை.

குவார் செம்பெடாக் ஊரில் ஒரு பாட்டி. ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர். கைப்பேசியில் பேசத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் மைகாட் அவர் சுருக்குப்பையிலேயே இருக்கிறது. அவருக்கும் வழி திறந்தது.

மக்கள் கையில் இருப்பதிலிருந்து தொடங்குவதுதான் நல்ல தொழில்நுட்பம்.

மாவட்ட மன்றங்களுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கு மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இரண்டு முறை கட்டுகிறோம். பிப்ரவரி முடிவதற்குள் ஒரு முறை, ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு முறை. இணையத்தில் கட்டும் வசதி நல்லதுதான். ஆனால் கட்டண முகப்பும் திறந்திருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். தமிழிலும் ஒரு விளக்கம் இருந்தால் எத்தனை பேருக்கு உதவும்!

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பெரியவர்களின் கைப்பேசியை வாங்கி நீங்களே அழுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே அழுத்தச் சொல்லுங்கள். அருகில் நாடி இணைய மையம் இருந்தால் அழைத்துப் போங்கள். கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.