சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம்



விருந்துக்கு முன் கூடிக் குடிப்பது உறவை வளர்க்குமா? இதுதான் இன்றைய கேள்வி. தாய்மார்களைக் கேட்டால் உடனே 'வளர்க்காது' என்பார்கள். ஆண்களில் சிலரோ, 'பிரெஞ்சுக்காரன் குடிக்கவில்லையா? அவன் குடும்பம் கெட்டா போய்விட்டது?' என்று எதிர்க்கேள்வி போடுவார்கள். சாட்சிக்கு அழைத்துவிட்டார்கள் அல்லவா? அந்தச் சாட்சியையே முதலில் விசாரிக்கலாம்.

பிரெஞ்சு மக்களிடம் 'அப்பெரித்திஃப்' என்றொரு வழக்கம் உண்டு. உணவுக்கு முன் வீட்டாரும் விருந்தினரும் கூடி உட்காருவார்கள். ஆளுக்கொரு சிறு கோப்பையில் பானம் இருக்கும். ஆலிவ் காய், கடலை, சிறு ரொட்டித் துண்டுகள் என்று கொறிப்பதற்கும் இருக்கும். 'திறத்தல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பசியைத் திறந்துவிடும் பானம் என்பது கருத்து.

அதன் வரலாற்றில் வியப்பான ஒரு செய்தி உண்டு. 1846இல் ஜோசப் துபோனே என்பவர் கொயினா கலந்த ஒரு திராட்சை மதுவைத் தயாரித்தார். வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரெஞ்சுப் படையினருக்கு மலேரியாக் காய்ச்சல். கொயினாவோ கசப்பு. அந்தக் கசப்பை மறைக்க மது துணைக்கு வந்தது. மருந்தாகப் புறப்பட்ட அந்தப் பானம் பிறகு பாரிஸ் நகர மேசைகளில் விருந்துக்கு முந்தைய பானமாக அமர்ந்துகொண்டது.

அதே கொயினா மலாயாவுக்கும் வந்தது. ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற தொழிலாளர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். தமிழன் அதைக் கசப்போடு விழுங்கிவிட்டுப் பால்மரம் வெட்டப் போனான். அவனுக்கென்று வைத்திருந்த பானம் மாலையில் வேறோர் இடத்தில் காத்திருந்தது.

எங்கே வேறுபாடு?

2010இல் யுனெஸ்கோ நிறுவனம் பிரெஞ்சு மக்களின் விருந்து முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அந்த விருந்து அப்பெரித்திஃபில் தொடங்குகிறது. அதன் பிறகு குறைந்தது நான்கு வகை உணவுகள் வரிசையாக வரும். ஆக, அந்தச் சிறு கோப்பை ஒரு வாசல்படி. வாசல்படியில் யாரும் குடியிருப்பதில்லை; அதைத் தாண்டி உள்ளே போகிறார்கள். உள்ளே சாப்பாடு இருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் அதே மேசையில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கையில் பழச்சாறு.

இப்போது பேராக்கின் பழைய தோட்டங்களுக்கு வாருங்கள். சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர், பாகான் செராய் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் தோட்டம் இருந்தது. பல தோட்டங்களில் லயன்களும், கோயிலும், கள்ளுக்கடையும் இருந்தன. கடை உரிமத்தோடு நடந்தது. தோட்ட நிர்வாகமே நடத்திய கடைகளும் உண்டு. பால் நிறுத்து, குளித்துவிட்டு, பிற்பகலில் ஆண்கள் அங்கே கூடினார்கள். தொட்டுக்கொள்ளக் கடலை, பொரித்த மீன், காரமான கறி. பேச்சு, சிரிப்பு, சில நாள் பாட்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் அப்பெரித்திஃப்தான். ஆனால் அந்தக் கோப்பைக்குப் பின்னால் மேசை இல்லை. அவன் அங்கே குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் லயத்து வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மனைவியும் பிள்ளைகளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் கொடுத்த கூலியில் ஒரு பகுதி தோட்டத்து எல்லையைத் தாண்டாமலேயே திரும்பிப் போனது. வாசல்படியிலேயே வாழ்க்கை முடிந்துவிட்டது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் தொழிலாளர்களேதாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டவர்களே கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள் என்றால், அவர்கள் பட்ட பாடு எவ்வளவு இருந்திருக்கும்!

கடை போனது, தாகம் போகவில்லை

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் ஈப்போவின் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். கள்ளுக்கடை மறைந்த இடத்தில் அதைவிடக் கொடிய சம்சு போத்தல் நுழைந்தது. 2017 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மது வாங்குவதற்கான வயது 18இலிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் தன் வேலையைச் செய்கிறது. வீடு என்ன செய்கிறது?

ஒரு திருமண விருந்தை நினைத்துப் பாருங்கள். அழைப்பிதழில் இரவு 7 மணி. சாப்பாடு வருவதோ 9 மணிக்கு. மண்டபத்துக்குள் பெண்களும் பிள்ளைகளும் பெரியவர்களும் மேசையில் காத்திருக்கிறார்கள். ஆண்களில் ஒரு கூட்டம் எங்கே? வெளியே, கார் நிறுத்துமிடத்தில், திறந்து வைத்த கார் பூட்டைச் சுற்றி நிற்கிறது. பழைய கள்ளுக்கடைக்குச் சக்கரம் முளைத்துவிட்டது! மாமன் கூப்பிட்டால் மருமகன் மறுக்க முடியாது. அந்த இருட்டில்தான் பல பிள்ளைகளுக்கு முதல் கோப்பை கிடைக்கிறது.

அப்புறம் அதே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். 2020 அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தினால், முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டுவரை சிறை. 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். கல்யாண வீட்டிலிருந்து புறப்பட்டவன் சிறைக்கோ சுடுகாட்டுக்கோ போய்ச் சேர வேண்டுமா?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கார் பூட்டருகே நிற்பவன் எல்லாம் போதைக்காக மட்டும் நிற்கவில்லை. வாரம் முழுக்க வேலை. அண்ணன் தம்பியைப் பார்த்து மாதக்கணக்கு. மனம் விட்டுப் பேச ஒரு மணி நேரம் வேண்டும் என்று ஏங்குகிறான். அந்த ஏக்கம் நியாயமானது. 'குடிக்காதே' என்று சொல்பவர்கள், 'வா, உட்கார்' என்று சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வள்ளுவர் மறக்கவில்லை. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் தந்தவர், விருந்தோம்பலுக்கும் ஓர் அதிகாரம் தந்தார். அதுவும் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். விருந்தோம்பக் கள் தேவை என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

ஈப்போவிலேயே இருக்கிறது விடை

கொறிப்பதற்கு ஆலிவ் காயைத் தேடிப் பாரிசுக்குப் போக வேண்டாம். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கிராமம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கடலை வறுக்கின்றன. முறுக்கும் ஓமப்பொடியும் பக்கோடாவும் போடுகின்றன. ஒரு காலத்தில் தலையில் தட்டைச் சுமந்து, சினிமாக் கொட்டகை வாசலில் காகிதச் சுருளில் மடித்து விற்ற பண்டம் அது. தமிழன் கைப்பக்குவம், மலாய்ப் பெயர், வாங்கித் தின்றவர்கள் மூன்று இனத்தவரும்! அந்தக் காகிதச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் தனியாகத் தின்பதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டத் தோன்றும்.

அதைத் திருமண மண்டபத்துக்குள் கொண்டுவாருங்கள். விருந்தினர் வந்த உடனேயே மேசையில் கச்சாங் பூத்தே, சூடான தேநீர், சுக்குக் காப்பி, பிள்ளைகளுக்குப் பழச்சாறு. 7 மணி முதல் சாப்பாடு வரும்வரை அந்த நேரத்தைச் சும்மா விட வேண்டாம். மாமனும் மருமகனும் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசட்டும். மலாய் அண்டை வீட்டாரும் சங்கடமில்லாமல் கூட உட்காரலாம். வீட்டிலும் வாரத்தில் ஒரு மாலை இப்படிச் செய்து பார்க்கலாம்.

பிரெஞ்சுக்காரர்களே மாறி வருகிறார்கள். 1960களில் குடித்த அளவில் பாதிகூட இப்போது அவர்கள் குடிப்பதில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. கோப்பையில் உள்ளது மாறினாலும் அவர்கள் கூடி உட்காருவதை விடவில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அது ஒன்றுதான்.

எனவே இன்றைய கேள்விக்குப் பதில் இது: உறவை வளர்ப்பது கூடி உட்காருவது. அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போகும் பெற்றோர்கள், சாப்பாட்டுச் செலவோடு ஒரு மூட்டை கச்சாங் பூத்தேயையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.