சோற்றுக்கும் நடைக்கும் நாம் வைத்திருக்கும் சட்டங்கள்

(அன்னதானத் தொண்டர்கள், நன்கொடையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஒவ்வொருவரிடமும் எழுதாத சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. சோறு உண்டால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. இலையில் மிச்சம் வைக்கலாகாது. வீட்டுப் பெண்மணி கடைசியில்தான் உண்ண வேண்டும். வேலைக்குப் போய் வருவதே உடற்பயிற்சி. இவற்றை யார் இயற்றினார், எதற்காக இயற்றினார் என்று நாம் கேட்பதில்லை. இன்று கேட்டுப் பார்ப்போமே!

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன்னே பெரட்டுக்கு நின்றார்கள். மரம் மரமாக நடந்து பால் வெட்டினார்கள். வாளி வாளியாகச் சுமந்தார்கள். அந்த உழைப்புக்குத் தட்டு நிறைய சோறும் டின்பால் தேநீரும் தேவைப்பட்டன.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1945 வரை அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு. மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உணவு. தோட்டத்து ஆடவர் பலர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, திரும்பவே இல்லை. அந்தப் பசியைக் கண்ட தாய், பிள்ளையின் தட்டில் ஒரு பருக்கையை மிச்சம் வைக்க விடுவாளா? அது அன்பில் பிறந்த சட்டம். அதைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. கித்தாக் காடுகள் பெரும்பாலும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் ஆகிவிட்டன. அந்தப் பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று லாரியிலும் அலுவலக நாற்காலியிலும் அமர்ந்து பிழைக்கிறார்கள். சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு! ஏறத்தாழ மூவரில் ஒருவர். கட்டுப்படுத்தாவிட்டால் கண்ணும் சிறுநீரகமும் காலும் பாதிக்கப்படும். இந்நோய்க்குப் பரம்பரையும் ஒரு காரணமே. எனினும் உணவும் நடையும் பெருமளவு நம் கையில் உள்ளவை. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கியிருக்கிறார்.

ஆகவே ஒவ்வொரு சட்டத்தையும் நிறுத்தி வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். இது எந்த நிலைமைக்காகப் பிறந்தது? இன்று என் உடம்புக்குப் பொருந்துமா?

மிச்சம் வைக்காதது நல்ல பழக்கம்தான். அதற்கு முதலில் குறைவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் உண்ணும் தாய், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரானால், வேளை தவறும்போது சர்க்கரை அளவு திடீரென இறங்கி மயங்கக்கூடும். அவரையும் பந்தியில் சேர்த்து அமர்த்துவதே தர்மம். இன்சுலின் போடுவோர் சஷ்டி, தைப்பூச விரதத்திற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். இறைவன் உங்களைச் சோதித்துப் பார்க்கக் காத்திருக்கவில்லை.

நடைக்கும் சட்டங்கள் வைத்திருக்கிறோம். "வேலைவெட்டி இல்லாதவர் செய்வது", "சேலை கட்டியவருக்குச் சரிப்படாது", "ஒருநாள் விட்டால் எல்லாம் போயிற்று" என்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. நாளுக்கு அரைமணி, ஐந்து நாள் போதும். புக்கிட் மலாவத்தியில் ஏறலாம். முடியாதவர் கோயிலைச் சுற்றி நடக்கலாம். தவறிய நாளுக்காக வருந்தாமல் மறுநாள் தொடருங்கள்.

நிறைவாக, நம் அன்னதானப் பந்திக்கு ஒரு வேண்டுகோள். கேட்காமல் அள்ளி வைப்பதே உபசாரம் என்பதும் பழைய சட்டமே. முதலில் அளவாகப் பரிமாறுங்கள். கேட்டவருக்கு மீண்டும் மனமுவந்து கொடுங்கள். "போதும்" என்று கை காட்டுபவரை வற்புறுத்தாதீர்கள். காய்கறியைக் கூட்டுங்கள், சர்க்கரைத் தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீர் வையுங்கள். நன்கொடையாளர்களே, உங்கள் கொடையின் புண்ணியம் இதனால் குறையாது. உண்டவர் நலமோடு அடுத்த ஆண்டும் இதே பந்தியில் வந்து அமர்வதைவிட வேறென்ன புண்ணியம் வேண்டும்?

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நல்லுடலும் நீண்ட ஆயுளும் அருளப் பிரார்த்தித்து விடைபெறுகிறேன்.