எடை போட்ட பிறகு



நலத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். மதிப்பீடு என்றதும் திட்டம் முடிந்த பிறகு வரும் தடித்த அறிக்கை நினைவுக்கு வரும். நான் எடுத்துக்கொள்வது மாதாமாதம் நடந்த ஒரு மதிப்பீட்டை. கிராமத்துப் பெண் ஒருவர் குழந்தையைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்ததை.

1980-ல், உலக வங்கி உதவியோடு, மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வெள்ளோட்டமாகத் தொடங்கியது. பள்ளியில் போடும் சோறு பள்ளிக்கு வரும் பிள்ளைக்குத்தான் கிடைக்கும். குழந்தை நலியத் தொடங்குவதோ வெகு முன்பே, தாய்ப்பால் மட்டும் போதாமல் போகும் ஆறாவது மாதத்தில். எனவே ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளைத் திட்டம் குறிவைத்தது. எல்லோருக்கும் மாதம் ஒருமுறை எடை. எடை ஏறாமல் நின்ற, அல்லது மிகவும் நலிந்துவிட்ட பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறினால் உருண்டை நிற்கும். தேறாவிட்டால் நோய் இருக்கிறதா என்று சுகாதாரப் பணியாளர் பார்ப்பார்.

எடை எடுத்த அன்றே அந்த எண்ணுக்கு வேலை இருந்தது. வளர்ச்சி அட்டையில் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்பதை எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பார்க்கலாம். உருண்டை கொடுப்பதா, நிறுத்துவதா என்பதை அந்த அட்டையை வைத்து, எடை எடுத்த பணியாளரே முடிவு செய்தார். மேலிடத்து உத்தரவுக்காக அவர் காத்திருக்க வேண்டியதில்லை. இத்திட்டத்தின் பெருமை உருண்டையில் இல்லை, இதில்தான் இருந்தது என்பது என் கருத்து.

குறையும் இருந்தது. தேறிய பிள்ளைக்கு உருண்டை கிடையாது, தேறாத பிள்ளைக்கு உண்டு. இது என்ன நியாயம் என்று ஒரு தாய் கேட்டால் பணியாளர் என்ன சொல்வார்? வீட்டுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டினாலே போதும் என்று தாய் கற்றுக்கொள்வாள் என்பது திட்டமிட்டவர்களின் கணக்கு. விடியுமுன் கூலிக்குப் போகிறவளின் அடுப்பு எத்தனை மணிக்கு எரியும் என்பது அந்தக் கணக்கில் இருந்ததா என்பது சந்தேகமே. கடுமையான எடைக்குறைவு நன்றாகவே குறைந்தது. மிதமான எடைக்குறைவு அவ்வளவாக அசையவில்லை. 1990-ல் தொடங்கிய இரண்டாம் கட்டமும் அதோடுதான் மல்லுக்கட்டியது.

குறைந்ததற்கும் முழுப் புகழை இத்திட்டத்துக்கே கொடுக்க முடியாது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அது இரண்டு வயதிலிருந்தே சோறு போட்டது. ஊட்டச்சத்துத் திட்டம் இல்லாமல், ஒப்பிட்டுப் பார்க்க ஒதுக்கியிருந்த ஊர்களிலும் சத்துணவு அடுப்பு எரிந்தது. எது எதனால் என்று பிரித்தறிய வழி அடைபட்டுப்போனது. மதிப்பீட்டாளர்களுக்கு இது தலைவலி. பிள்ளைகளுக்கு யோகம். ஆராய்ச்சி தூய்மையாக இருக்கட்டும் என்று எந்த முதலமைச்சரும் சோற்றை நிறுத்தி வைக்கமாட்டார், வைக்கவும் கூடாது.

இன்றைக்கு வருவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றுக்கும் (2015-16) ஐந்தாம் சுற்றுக்கும் (2019-21) இடையில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 27.1 விழுக்காட்டிலிருந்து 25 ஆகக் குறைந்தார்கள். எடைக்குறைவும் சற்றுக் குறைந்தது. ஆனால் இரத்தசோகை 50.7-லிருந்து 57.4 விழுக்காடாக ஏறியது. தராசுக்கு இரத்தம் தெரியாது. எடையை மட்டும் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தால் இந்த ஏற்றம் கண்ணில் படாது.

இப்போது அங்கன்வாடிப் பணியாளர் கையில் போஷன் டிராக்கர் செயலி இருக்கிறது. எடையும் உயரமும் அன்றே தில்லி வரை போய்ச் சேர்ந்துவிடும். நல்லதுதான். ஆனால் எண் மேலே போகும் வேகத்தில் பதில் கீழே வருவதில்லை. பணியாளரின் பொழுது பதிவேற்றத்திலும் கழிகிறது. எடை ஏறாத பிள்ளையின் வீட்டுக்கு நடந்துபோகும் நேரம் குறைகிறது.

ஆகவே அரசுக்கு என் கோரிக்கை இரண்டு. பதிவேடுகளையும் பதிவேற்றங்களையும் பாதியாகக் குறைத்து, மிச்சமாகும் நேரத்தை வீடு தேடிப் போவதற்குக் கொடுங்கள். எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துமாவோ முட்டையோ கொடுக்கும் அதிகாரத்தை, யாரிடமும் அனுமதி கேட்காமல், அந்தப் பணியாளரிடமே விடுங்கள். கொட்டாம்பட்டிப் பணியாளருக்கு 1980-லேயே அது இருந்தது.