நலமும் வலிமையும்: ஆங்கிலச் சொற்களும் அரபுச் சொற்களும்



இருவர் சந்திக்கும்போது முதலில் எழும் வினா நலம் பற்றியதே. ‘நலமா?’ என்று கேட்ட பின்னரே தமிழர் பிற செய்தி பேசுவர். மடல் எழுதினும் நலம் உசாவிய பின்னரே செய்தி தொடங்கும். இவ்வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பழைய ஆங்கிலத்தில் ஒருவரை வாழ்த்துவோர் ‘வெஸ் ஹால்’ என்பர். ‘நலமாயிரு’ என்பது அதன் பொருள். அதற்கு உறவான வடபுல நார்ஸ் வாழ்த்தொன்று ‘வாஸெயில்’ என்னும் சொல்லாகிக் கிறிஸ்துமஸ் காலத்துக் குடிவாழ்த்தாக ஆங்கிலத்தில் நின்றது. அரபு மக்களின் ‘ஸலாம்’ பெரும்பாலும் ‘அமைதி’ என்றே பெயர்க்கப்படுகிறது. ஆயினும் ஸீன், லாம், மீம் என்னும் மூன்றெழுத்தாலாகிய அதன் வேரில் குறையின்மை, சேதமின்மை, பாதுகாப்பு ஆகிய பொருள்களும் அடங்கியுள்ளன. உடலிற் குறையில்லாதவரைச் சுட்டும் ‘ஸலீம்’ என்னும் சொல்லும் அவ்வேரிற் பிறந்ததே.

இவ்விரு மொழிகளும் தமிழுக்குத் தொலைவானவை அல்ல. ஆங்கிலம் மருத்துவமனை வழியே நாள்தோறும் தமிழர் நாவில் ஏறுகிறது. தமிழ் முசுலிம்கள் நலவாழ்வை ‘ஆஃபியத்து’ என்று வேண்டுவர். உடற்பயிற்சியைக் குறிக்கும் ‘கசரத்து’ என்னும் சொல், ‘மிகுதி’ எனப் பொருள்படும் அரபுச் சொல் உருது வழியே வந்து சேர்ந்த வடிவம். ஒரு மொழி நலத்தை எவ்வாறு நினைக்கிறது என்பது, நலமிழந்தவரை அது எவ்வாறு அழைக்கிறது என்பதிலும் வெளிப்படும். அதனை இவ்விரு மொழிகளின் சொற்களைக் கொண்டு காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முழுமையும் மெய்ம்மையும்

ஆங்கிலத்தில் உடல்நலத்தைக் குறிக்கும் ‘ஹெல்த்’, முழுமையைக் குறிக்கும் ‘ஹோல்’ என்னும் சொல்லோடு ஒரு வேரிற் பிறந்தது. புண் ஆறுதலைச் சுட்டும் ‘ஹீல்’, முதுமையிலும் தளராதவரைச் சுட்டும் ‘ஹேல்’, புனிதத்தைச் சுட்டும் ‘ஹோலி’ ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே அம்மொழியின் முன்னோர் நலத்தைச் சிதையாமை என்று கண்டனர். பிளந்தது மீண்டும் ஒன்றாவதே குணமாதல் என்று கொண்டனர். உலக நலவாழ்வு நிறுவனத்திற்கென 1946இல் இயற்றப்பட்ட அமைப்புவிதி, உடல், உள்ளம், சமுதாயம் ஆகிய மூன்றிலும் நிறைவுற்ற நிலையே நலம் என்றும், நோயின்மை மட்டும் நலமாகாது என்றும் வரையறுத்தது. பழைய வேரின் எண்ணம் புதிய விதியிலும் தொடர்வதை இதிற் காணலாம். அவ்வரையறையின் அரபு வடிவம், நல்வாழ்வைக் குறிக்க ‘ஸலாமத்’ என்னும் சொல்லையே ஆளுகிறது.

அரபில் உடல்நலத்திற்குரிய பொதுச்சொல் ‘ஸிஹ்ஹத்’ ஆகும். இதன் வேரிற் பிறந்த ‘ஸஹீஹ்’ என்னும் பெயரடை நோயற்றவனையும் குறிக்கும். பிழையற்ற கணக்கையும், மெய்யான செய்தியையும் குறிக்கும். இமாம் புகாரி (810–870) தொகுத்த நபிமொழித் தொகுப்பு ‘ஸஹீஹ்’ என்றே வழங்குவது யாவரும் அறிந்தது. நபிமொழித் திறனாய்வின் கலைச்சொற்கள் பலவும் மருத்துவன் வாயிலிருந்து வந்தவை போலவே ஒலிக்கின்றன. ஐயத்திற்கிடமற்ற செய்தி ‘ஸஹீஹ்’. சான்று தளர்ந்தது ‘ளயீஃப்’, அதாவது மெலிந்தது. புறத்தே நன்றாகத் தோன்றி உள்ளே மறைந்து கிடக்கும் குறை ‘இல்லத்’ எனப்படும். அச்சொல்லுக்கு நோய் என்பது பொருள். அறிவிப்பாளர் ஒருவரின் குறையை எடுத்துரைத்தல் ‘ஜர்ஹ்’. அதற்குப் புண்படுத்துதல் என்பது பொருள். ஒரு செய்தியை நாடி பிடித்துப் பார்க்கும் அறிஞர் மரபு இவ்வாறு உடலின் சொற்களால் தன்னை அமைத்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் நலம் முழுமை. அரபில் நலம் மெய்ம்மை. இந்த வேறுபாடு மொழிபெயர்ப்பாளர்க்குக் கணமும் மறக்கத் தகாதது. ‘ஸஹீஹ்’ என்பதை ‘ஆரோக்கியமான’ என்று மட்டும் எழுதினால் மெய் மறையும். ‘சரியான’ என்று மட்டும் எழுதினால் உடல் மறையும்.

அன்றாட வழக்கிலும் அரபு இச்சொல்லைத் தாராளமாகப் பகிர்கிறது. சிரியா, லெபனான், பாலஸ்தீனம் ஆகிய பகுதிகளில் உண்பவரைப் பார்த்து ‘சஹ்தைன்’ என்பர். அது ‘ஸிஹ்ஹத்’ என்பதன் இருமை வடிவம். ‘இரண்டு நலங்கள் உண்டாகுக’ என்பது கருத்து. ஒருமை, பன்மைக்கு இடையே இருமை எண்ணும் உடைய மொழிக்கே இவ்வாறு வாழ்த்த இயலும்.

கயிறும் முறுக்கும்

வலிமைச் சொற்களில் இரு மொழிகளும் வியக்கத்தக்க வகையில் ஓரிடத்திற் சந்திக்கின்றன. ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ராங்’ என்னும் சொல்லும், நூல், நாண் என்று பொருள்படும் ‘ஸ்ட்ரிங்’ என்னும் சொல்லும் உறவுடையவை. இறுக்கம் என்னும் எண்ணமே இரண்டிற்கும் அடிப்படை. அரபில் வலிமைக்குப் பெரிதும் வழங்குவது ‘குவ்வத்’. அரபு அகராதிகள் இச்சொல்லுக்குக் கயிற்றின் ஒரு புரி என்னும் பொருளையும் தருகின்றன. ஆற்றலைக் குறிக்கும் ‘தாக்கத்’ என்னும் சொல்லுக்கும் கயிற்றுப் புரி என்னும் பொருள் உண்டு. திருக்குர்ஆனின் 53ஆம் அத்தியாயத்தில் ஆற்றலைக் குறிக்கும் ‘மிர்ரத்’ என்னும் சொல்லோ கயிற்றை இறுக முறுக்குதலைக் குறிக்கும் வேரிற் பிறந்தது.

பாலையில் வாழ்ந்தோர்க்குக் கயிறு உயிர்நாடி. கூடாரத்தை நிறுத்துவதும், ஒட்டகத்தைப் பிணிப்பதும், ஆழ்கிணற்றிலிருந்து நீரை மேலே கொணர்வதும் அதுவே. ஒற்றை இழை அறும். பல இழை முறுகினால் தாங்கும். வலிமை என்பது தனியொன்றின் பருமனில் இல்லை, சேர்ந்து முறுகிய முறையில் உள்ளது என்னும் பட்டறிவு அச்சொற்களுள் படிந்திருக்கிறது. இலத்தீன் வழியே ஆங்கிலம் பெற்ற ‘ரொபஸ்ட்’ என்னும் சொல் ஓக் மரத்தின் வைரத்தை நினைந்து பிறந்தது. மரமும் கயிறும் வலிமைக்கு இருவேறு உவமைகள்.

கவிஞர்கள் தனியே குறித்துக்கொள்ளத்தக்க சொல் ‘மத்ன்’. முதுகெலும்பின் இருபுறமும் உள்ள தசைத்திரளை அது குறிக்கும். அதிலிருந்து ‘உறுதியானவன்’ எனப் பொருள்படும் ‘மதீன்’ பிறந்தது. அது இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்று. ஒரு நூலின் மூலபாடத்திற்கும் ‘மத்ன்’ என்பதே பெயர். அம்மூலத்தைத் தாங்கிநிற்கும் அறிவிப்பாளர் தொடர் ‘ஸனத்’; அச்சொல் சாய்ந்துகொள்ளும் துணையைக் குறிக்கும். முதுகே பாடம், அப்பாடம் சாய்ந்திருக்கும் தாங்கலே சான்று.

இலக்கணம் ஏற்றுக்கொண்ட நோய்

அரபு இலக்கணிகள் வினைச்சொற்களையும் உடலாகவே கண்டனர். மூன்று வேரெழுத்துகளும் உறுதியான மெய்களாக அமைந்தால் அது ‘ஸஹீஹ்’, நலமுள்ள வினை. அலிஃப், வாவ், யா ஆகிய மூன்றும் ‘நோயின் எழுத்துகள்’ எனப்படும். வாவோ யாவோ வேரில் இடம்பெற்றால் அவ்வினை ‘முஅதல்’, அதாவது நோயுற்றது. ‘எழுதினான்’ எனப் பொருள்படும் ‘கதப’ என்பதில் மூன்று மெய்களும் எவ்விடத்தும் மாறுவதில்லை. ‘சொன்னான்’ எனப் பொருள்படும் ‘கால’ என்பதன் வேரில் நடுவெழுத்து வாவ். அது இறந்தகாலத்தில் அலிஃபாகத் திரிகிறது, ‘குல்’ என்னும் ஏவலில் மறைந்தே போகிறது. பெயர்களிலும் இவ்வாறே. ஈறு மட்டும் பெற்று வடிவம் குலையாத பன்மை ‘ஸாலிம்’, அதாவது ஊறுபடாதது. உள்ளமைப்பு மாறும் பன்மை ‘முகஸ்ஸர்’, அதாவது முறிந்தது.

ஜெர்மானிய அறிஞர் யாக்கப் கிரிம் 1819இல் வெளிவரத் தொடங்கிய தம் இலக்கண நூலில் ஜெர்மானிய மொழிகளின் வினைகளை வலிய வினை, மெலிந்த வினை என்று பகுத்தார். ஆங்கிலமும் அக்குடும்பத்தது. ‘சிங், சாங், சங்’ என உயிரொலி மாறிக் காலம் காட்டுவது வலிய வினை. ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ என ஒரு விகுதியைத் துணைக்கொண்டு காலம் காட்டுவதால் மெலிந்த வினை.

இவ்விரு பகுப்பையும் அருகருகே வைத்தால் ஒரு முரண் தோன்றும். அரபு இலக்கணத்தில் மாறாதது நலமுடையது, மாறுவது நோயுற்றது. ஐரோப்பிய இலக்கணத்தில் தன்னுள்ளே மாறவல்லது வலியது. மாறமாட்டாமல் துணை தேடுவது மெலிந்தது. நிலைத்திருத்தல் ஓரிடத்தில் நலமாகவும், மாறுதல் மற்றோரிடத்தில் வலிமையாகவும் போற்றப்படுகின்றன. இரண்டும் மனித உடலைப் பற்றிய உண்மைகளே. எலும்பு மாறாது நிற்பதால் உடல் நிற்கிறது; தசை சுருங்கி விரிவதால் உடல் நடக்கிறது.

யாப்பிலும் இதே நிலை. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பை வகுத்தார். அம்மரபில் அடியின் இறுதிச்சீரில் நேரும் மாற்றங்கள் ‘இலல்’, அதாவது நோய்கள் எனப்படும். ஆயினும் அந்நோய்கள் விலக்கப்பட்டவை அல்ல; விதியால் ஏற்கப்பட்டவை. பெரும்புலவர் பாடல்களும் அவற்றோடுதான் நடைபயில்கின்றன. ‘ரஜஸ்’ என்னும் பாவகையின் பெயரே, எழும்போது ஒட்டகத்தின் பின்னங்கால்களை நடுங்கச் செய்யும் நோயின் பெயர் என்று அகராதிகள் கூறும். இப்னு சீனா (980–1037) மருத்துவ நெறிகளை மாணவர் மனப்பாடம் செய்ய ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளாற் பாடிய நூல் அமைந்ததும் இப்பாவகையிலேயே. நடுக்கத்தின் பெயர்கொண்ட பா, நலத்தைக் கற்பிக்கும் பாவாயிற்று.

நோயுற்றவர்க்கு இட்ட பெயர்

சொல்லாராய்ச்சி இதுவரை இனிமையானது. இனி அது மனிதரைத் தொடுகிறது.

‘வலேரே’ என்னும் இலத்தீன் வினைக்கு வலிமையுடனிருத்தல், நலமாயிருத்தல் ஆகிய பொருள்கள் உண்டு. மதிப்பைக் குறிக்கும் ‘வேல்யூ’, வீரத்தைக் குறிக்கும் ‘வேலர்’, செல்லுபடியாதலைக் குறிக்கும் ‘வாலிட்’ ஆகிய ஆங்கிலச் சொற்கள் அதன் வழித்தோன்றல்கள். அக்குடும்பத்திலேதான் ‘இன்வலிட்’ என்னும் சொல்லும் பிறந்தது. முன்னசை அழுத்தம் பெற்றால் அது நோயால் முடங்கியவரைக் குறிக்கும். இரண்டாம் அசை அழுத்தம் பெற்றால் செல்லாத ஆவணத்தைக் குறிக்கும். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1670இல் போரில் உறுப்பிழந்த வீரர்க்கென நிறுவ ஆணையிட்ட பாரிஸ் மாளிகையும் ‘இன்வலீத்’ என்றே பெயர் பெற்றது. நாட்டிற்காகக் கையிழந்தவர்க்கு வீடு கிடைத்தது. கூடவே ‘வலிமையற்றோர்’ என்னும் பெயரும் கிடைத்தது. வலிமையே மதிப்பு என்று ஒரு சொற்குடும்பம் முடிவுசெய்துவிட்டால், வலிமை குன்றியவர் அங்கே செல்லாக்காசு ஆகிறார். ஆங்கிலம் பேசுவோரே இக்கொடுமையை உணர்ந்து, மனிதரைக் குறிக்க அச்சொல்லை ஆளுவதைப் பெரிதும் விட்டனர்.

அரபின் பழவழக்கு வேறொரு வழி காட்டுகிறது. பாம்பு தீண்டி உயிருக்குப் போராடுபவனைப் பழைய அரபியர் ‘ஸலீம்’ என்று அழைத்தனர். ஊறுபடாதவன் என்பதே அச்சொல்லின் பொருள் என்பது முன்னர்க் கூறப்பட்டது. நச்சு ஏறிக்கொண்டிருக்கும் உடலைப் பார்த்து ‘நலமுள்ளவன்’ என்றனர். அவன் பிழைக்க வேண்டும் என்னும் வேட்கையைப் பெயராகவே இட்டனர். கண்ணொளி இழந்தவரை ‘பஸீர்’, அதாவது பார்வையுடையவர் என்று சுட்டும் வழக்கும் உண்டு. மொராக்கோவில் நெருப்பையே ‘ஆஃபியத்’, நலம் என்பர். தமிழ் இலக்கணம் இதனை மங்கலம் என்று அறியும். இறந்தாரைத் துஞ்சினார் என்பது அவ்வகை. ஆயினும் ‘ஸலீம்’ முடிந்துபோன துயரை மூடும் சொல்லன்று. முடியாதிருக்கும் துயரின் எதிரே நின்று நம்பிக்கை கூறும் சொல்.

இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நல்ல பெயரிட்டுவிட்டுத் துயரைக் காணாதிருத்தல் எளிது. பாம்பு தீண்டியவனை ‘ஸலீம்’ என்று அழைத்தவர்கள் அவன் நச்சு ஏறி உறங்கிவிடாதபடி அணிகலன்களை ஒலித்து இரவெல்லாம் விழித்திருந்தனர் என்றும் பழைய குறிப்புகள் கூறும். சொல்லோடு விழிப்பும் இருந்தது. விழிப்பில்லாத மங்கலம் வெறும் ஒப்பனை. ஐக்கிய அரபு அமீரகம் 2017இல் உடற்குறையுடையோரை ‘மனவுறுதி மிக்கோர்’ என அழைக்கத் தொடங்கியதும், தமிழக அரசு வழக்கில் ‘ஊனமுற்றோர்’ என்பது ‘மாற்றுத்திறனாளிகள்’ ஆனதும் இவ்வளவுகோலாலேயே அளக்கப்பட வேண்டும். படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் எழுந்ததா என்பதே அப்பெயரின் உரைகல்.

தமிழ்க் கவிஞர்க்கு

தமிழ்ச் சொற்களிலும் இப்படிப்பட்ட வரலாறு உறங்குகிறது. ‘ஆரோக்கியம்’ என்னும் வடசொல் ‘நோயின்மை’ என எதிர்மறையால் நலத்தைக் கூறுகிறது. ‘நலம்’ என்னும் தமிழ்ச்சொல்லோ நன்மை, அழகு, இன்பம் ஆகியவற்றையும் தன்னுள் கொண்டு உடன்பாட்டில் நிற்கிறது. ‘வலி’ இன்னும் வியப்புக்குரியது. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலில் அச்சொல் ஆற்றல்; இன்றைய நோயாளி மருத்துவரிடம் கூறும்போது அது நோவு. அரபில் தசையைக் குறிக்கும் ‘அளலத்’ என்பதும், தீராத நோயைக் குறிக்கும் ‘உளால்’ என்பதும் ஒரே வேரின. வலிமை உள்ள இடத்திலேயே வலியும் உண்டு என்பதை இவ்விரு மொழிகளும் தனித்தனியே கண்டு வைத்துள்ளன.

ஆதலால், நோயுற்றவரைப் பாடும் கவிஞர் ஒரு சொல்லை எடுக்கும்போது, அச்சொல் அம்மனிதரை என்ன செய்கிறது என்று ஒருகணம் நின்று பார்த்தல் கடன். செல்லாதவர் என்று முத்திரையிடும் சொல்லும் உண்டு. பிழைத்தெழுவார் என்று அருகிருந்து விழிக்கும் சொல்லும் உண்டு. இரண்டும் அகராதியில் அடுத்தடுத்தே கிடக்கின்றன. எடுப்பவர் கையிலேதான் வேறுபாடு.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் தனியிழையாக நில்லாது, பலர் சேர்ந்து முறுகிய புரியாக நிற்கிறது. அம்முறுக்குத் தளராதிருக்குமாக. கேட்ட அனைவர்க்கும் நலம் உண்டாகுக. ஒன்றன்று, ‘சஹ்தைன்’ என்றாற்போல் இரண்டாக உண்டாகுக.