தீ கேட்ட சீடரும் நம் பிள்ளைகளும்

 

லூக்கா நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. இயேசு எருசலேமை நோக்கிப் புறப்படுகிறார். வழியில் சமாரியரின் ஊர் ஒன்றில் தங்க இடம் கேட்டுத் தூதரை அனுப்புகிறார். அவர் எருசலேமுக்குப் போகிறவர் என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஊரார் அவரை ஏற்கவில்லை. இதைக் கண்டதும் யாக்கோபும் யோவானும் கொதித்தெழுகிறார்கள். வானத்திலிருந்து தீ வந்து இந்த ஊரை அழிக்கும்படி நாங்கள் சொல்லட்டுமா என்று ஆண்டவரிடமே அனுமதி கேட்கிறார்கள். இயேசு திரும்பிப் பார்த்து அவர்களைக் கடிந்துகொள்கிறார். பிறகு அனைவரும் வேறு ஊருக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டு சீடரின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இடம் மறுத்தது தவறுதான். களைத்து வந்த வழிப்போக்கருக்கு, சமயப் பகையை மனத்தில் வைத்துக்கொண்டு, கதவை அடைத்தார்கள். தவறு நடந்தது உண்மை, கோபம் வந்ததும் இயல்பு. ஆனால் அந்தக் கோபம் கேட்டது என்ன? கதவை அடைத்தவர் நான்கு பேராக இருந்திருக்கலாம். தீ கேட்டதோ ஊர் முழுவதற்கும். அந்த ஊரில் ஒன்றும் அறியாத குழந்தைகள் இருந்தார்கள், கிழவிகள் இருந்தார்கள். சிலர் செய்ததற்கு ஒரு சமயத்தாரையே, ஒரு சாதியாரையே குற்றவாளியாக்குவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இயேசு கடிந்துகொண்டது அதைத்தான்.

இன்று நம் வீடுகளில் வளரும் இளைஞர்களை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியைத் தியானிப்போம். நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறார்கள், கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போகிறார்கள். எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. கந்தமாலில் 2008-ல் நடந்ததை அவர்கள் படித்திருக்கிறார்கள். மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்தில் ஆலயங்கள் எரிந்ததைப் படமாகவே பார்த்திருக்கிறார்கள். இளைஞர் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, “ஏன் ஃபாதர், அவங்க நம்மள அடிப்பாங்க, நாம மட்டும் சகிச்சுக்கிட்டே போகணுமா?” என்று கேட்டால் அதை அதிகப்பிரசங்கம் என்று சொல்லி உட்காரவைக்கக் கூடாது. அது யாக்கோபும் யோவானும் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

பதிலின் முதல் பகுதி இது. அநீதியைக் கண்டு வாயை மூடிக்கொண்டிரு என்று நம் மறை ஒருபோதும் சொல்லவில்லை. தலைமைக் குருவின் முன் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று இயேசு கேட்டார். பிலிப்பியில் விசாரணையே இல்லாமல் பவுலை அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் சந்தடி இல்லாமல் வெளியே போய்விடு என்றார்கள். பவுல் போகவில்லை. தாம் உரோமைக் குடிமகன் என்பதை எடுத்துச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து தம்மை வெளியே அழைத்துப் போகும்படி செய்தார். இயேசு கேட்டது நியாயம், பவுல் கேட்டது சட்டப்படி தமக்குள்ள உரிமை. இருவரும் தீ கேட்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு புரிந்தால் பாதிக் கல்வி முடிந்தது.

இரண்டாவது பகுதி இன்னும் கொஞ்சம் கடினமானது. எனக்குள்ள உரிமை, எனக்குப் பிடிக்காதவருக்கும் அதே அளவில் உண்டு. 1965 டிசம்பர் 7-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 2,308 பேர் ஆதரித்தும் 70 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். அந்த அறிக்கை சொல்லும் அடிப்படை இதுதான்: சமய விடுதலை என்பது அரசு போடும் பிச்சை அல்ல, பெரும்பான்மையோர் காட்டும் தயவும் அல்ல. மனிதராகப் பிறந்த மாண்பிலேயே அது வேரூன்றி இருக்கிறது. ஆகவே உண்மையைத் தேட வேண்டிய கடமையைச் செய்யாதவரிடமிருந்துகூட அந்த உரிமையைப் பறிக்க முடியாது. நம் நம்பிக்கை உண்மையானது என்று நாம் உறுதியாக அறிக்கையிடுகிறோம். அந்த உறுதியே அடுத்தவர் மனச்சான்றின் மீது கை வைக்கக் கூடாது என்றும் நம்மைத் தடுக்கிறது. கட்டாயத்தில் பிறப்பது நம்பிக்கையே அல்ல.

சகிப்புத்தன்மை என்ற சொல்லை நாம் அடிக்கடி பயன்படுத்துகிறோம். பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியைச் சகித்துக்கொள்கிறோம், கொசுக்கடியைச் சகித்துக்கொள்கிறோம். மனிதரைச் சகித்துக்கொண்டால் போதுமா? சகிப்பு என் மனநிலையைப் பொறுத்தது. இன்று நல்ல மனநிலை, சகித்துக்கொள்கிறேன். நாளைக்கு எரிச்சல், சகிக்க முடியவில்லை. உரிமை அப்படியல்ல. நான் சிரித்தாலும் முறைத்தாலும் அடுத்தவருக்கு அது உண்டு.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை நம் வட்டாரமே நமக்குக் காட்டியது. 2022 செப்டம்பரில், நம் சங்கரன்கோவில் வட்டத்தில் உள்ள பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடம் போகும் தலித் பிள்ளைகள் பெட்டிக்கடையில் தின்பண்டம் கேட்டபோது, ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்குத் தர முடியாது என்று கடைக்காரர் சொன்னார். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. இரு தரப்பாருக்கும் முன்பு நடந்த தகராறும் அது தொடர்பான வழக்கும் அதற்குப் பின்னணி. பெரியவர்கள் பகை, பிள்ளைகள் கையில் இருந்த காசைச் செல்லாக்காசாக்கியது. அந்தப் பிள்ளைகள் இனாம் கேட்கவில்லை, தயவும் கேட்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் பண்டம் கேட்டார்கள். கடையில் நுழையவும் வாங்கவும் யாரையும் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு சொல்கிறது. தீண்டாமையை 17-ஆம் உறுப்பு ஒழித்துவிட்டது. வழக்குப் பதிவாயிற்று, கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது, கைதும் நடந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் அன்று வீட்டுக்குத் திரும்பிப் போனபோது அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுத முடியாது. நாம்தான் எழுத வேண்டும், நம் பிள்ளைகளை வளர்க்கும் விதத்தில்.

அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் பள்ளியிலேயே படித்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைத் தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதி அடையாள வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தக் கயிறு என்ன விலை? இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ. அதை முதலில் மகன் கையில் பார்த்தது யார்? பெற்றோரும் ஆசிரியரும்தான். அரிவாளைப் பிடுங்குவது காவல்துறையின் வேலை, கயிறு கட்டிய அன்றே அருகில் உட்காரவைத்துப் பேசுவது நம் வேலை.

இது மற்றவர் பிரச்சினை, திருச்சபைக்கு வெளியே உள்ளது என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். நம் நெல்லைச் சீமையிலேயே வடக்கன்குளத்தில், ஆலயத்துக்குள், ஒரே பீடத்தை நோக்கி மண்டியிட்ட மக்களுக்கு நடுவே, சாதியின் பெயரால் சுவர் நின்றது. 1910-ல் கௌசானல் அடிகளார் காலத்தில் அது இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் வழக்காடினார்கள். சுவர் மறுபடியும் எழும்பவில்லை. ஒரே அப்பத்தை உண்டவர்கள் கட்டிய சுவர் அது. செங்கல் சுவர் போய்விட்டது. பெண் கொடுக்கும்போதும் பெண் எடுக்கும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் பிரிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சுவர் இன்னும் நிற்கிறதா என்று ஒவ்வொரு பங்கும் தன்னைத்தானே கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் ஒரு நியாயம், மேடையில் ஒரு நியாயம் என்றிருந்தால் இளைஞர்கள் நம் பேச்சை நம்பமாட்டார்கள். அவர்களுக்குக் கூர்மையான கண் இருக்கிறது.

அன்புக்குரியவர்களே, நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரநாராயணர் கோயிலால் அமைந்த பெயர் இது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் வாதிட்டதாகவும், இருவரும் ஒன்றே என்று காட்டும்படி கோமதி அம்மன் தவமிருந்ததாகவும் நம் இந்துச் சகோதரர்கள் சொல்கிறார்கள். ஆடித்தபசு அன்று ஊரே கொள்ளாத கூட்டம் அதற்காகத்தான் கூடுகிறது. நம் நம்பிக்கை வேறு. ஆயினும், இரு பிரிவாருக்கு இடையே இருந்த பிணக்கைத் தீர்த்துவைத்ததை இந்த ஊர் இத்தனை காலமாக ஒரு திருவிழாவாகக் கொண்டாடுகிறது என்பது நமக்குச் சிறிய செய்தியா? மற்றச் சமயங்களில் உண்மையும் தூய்மையும் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அதே சங்கம் 1965 அக்டோபர் 28-ல் கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றிய அறிக்கையில் நமக்குக் கற்பித்தது. தபசுக் கூட்டத்தில் தாகத்தோடு நிற்பவருக்கு நம் இளைஞர்கள் தண்ணீர் கொடுத்தால், அதற்கு முன் யாரும் அவருடைய நெற்றியைப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு வரலாற்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1948 டிசம்பர் 6. அரசியலமைப்பு அவையில் சமய உரிமை பற்றிய விவாதம். தன் சமயத்தைப் பரப்பும் உரிமை என்ற சொல் வேண்டாம் என்று சிலர் வாதாடினார்கள். அந்தச் சொல் இருக்கட்டும் என்று எழுந்து பேசியவர்களில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி இருந்தார், எல். கிருஷ்ணசாமி பாரதி இருந்தார். இருவரும் நம் மாநிலத்தவர், இந்துக்கள். இன்று 25-ஆம் உறுப்பில் அந்தச் சொல் இருக்கிறது. நாம் நற்செய்தி சொல்ல நமக்குள்ள உரிமைக்காக நம்மைச் சாராதவர்கள் வாதாடினார்கள். அதற்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 10-ல், உலக நாடுகள் மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றன. அதன் முதல் உறுப்பில் ஆண்களை மட்டும் குறிப்பதுபோல் இருந்த சொல்லை மாற்றி, மனிதர் அனைவரும் என்று எழுதவைத்தவர் நம் நாட்டுப் பெண்மணி ஹன்சா மேத்தா. இவற்றை மறைக்கல்வி வகுப்பில் சொன்னால் நேரம் வீணாகாது. மதுரையில் இயங்கும் மக்கள் கண்காணிப்பகம் 1997 முதல் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியை எடுத்துச் சென்றது. பள்ளிக்கூடத்தில் முடிவது பங்கில் முடியாதா?

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

பெற்றோரே, சாப்பாட்டு வேளையில் மற்றச் சமயத்தாரையும் மற்றச் சாதியாரையும் குறித்து நாம் பேசும் சொற்களைக் கவனிப்போம். மறைக்கல்வி ஆசிரியர் வாரத்தில் ஒரு மணி நேரம் கற்பிக்கிறார். நாமோ நாள் முழுவதும் கற்பிக்கிறோம்.

இளைஞர்களே, பகையைக் கிளப்பும் செய்தி கைபேசியில் வந்தால் உடனே அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அது உண்மைதானா என்று கேளுங்கள். உண்மையாகவே இருந்தாலும், இதை அனுப்புவதால் நீதி வருமா, தீ வருமா என்று கேளுங்கள். உங்கள் இளைஞர் கூட்டத்தில் ஒரு மாதம் அரசியலமைப்பின் முகவுரையை வாசித்துப் பேசுங்கள். ஒரு குழந்தை துன்புறுவதைக் கண்டால் 1098 என்ற எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

அன்பியப் பொறுப்பாளர்களே, பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புவது நம் ஊரில் பழைய வழக்கம். அதைத் தொடருங்கள். அதோடு, பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அநியாயம் நடக்கும்போது, அவர் முஸ்லிமாக இருந்தாலும் இந்துவாக இருந்தாலும், கூடப் போய் நில்லுங்கள். பலகாரம் ஒரு நாளைக்கு இனிக்கும், கூட நின்றவரை மனிதர் மறக்கமாட்டார்கள்.

தீ கேட்ட யோவான் என்ன ஆனார்? அதையும் விவிலியம் சொல்கிறது. திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில், சமாரியர் இறைவார்த்தையை ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தி எருசலேமுக்கு வருகிறது. அங்கிருந்து திருத்தூதர்கள் இருவரை அனுப்புகிறார்கள். ஒருவர் பேதுரு, மற்றவர் யோவான். எந்த மக்கள்மீது வானத்திலிருந்து தீ இறங்க வேண்டும் என்று கேட்டாரோ, அதே மக்கள்மீது தூய ஆவியார் இறங்கும்படி அதே யோவான் கைகளை வைத்துச் செபிக்கிறார். அன்று அந்த ஊர் எரிந்திருந்தால் யார் தலைமீது கை வைத்திருப்பார்? இடையில் இயேசு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பலன் தந்தது. கடிந்துகொண்ட மறு அதிகாரத்திலேயே, அடிபட்டவனுக்கு எண்ணெய் வார்த்த நல்லவனாக ஒரு சமாரியனையே உவமையில் காட்டினாரே ஆண்டவர்!

கொதிக்கும் இளைஞனைக் கண்டு நாம் அஞ்ச வேண்டாம், அவனை விட்டுவிடவும் வேண்டாம். கடிந்துகொள்வோம், காரணம் சொல்வோம், கூடவே அழைத்துப்போவோம். சமாரியாவுக்குப் போகும் வழி அவனுக்கும் திறந்தே இருக்கிறது.

எல்லாரையும் உம் சாயலில் படைத்த இறைவா, எங்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் எரியும் நெருப்பை நீதிக்கான தாகமாக மாற்றியருளும். அவர்களுக்குக் கற்பிக்கும் எங்கள் சொல்லும் வாழ்வும் ஒன்றாயிருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.