தகுதி கேட்கிறீர்கள், ஊதியம் எங்கே?

தோழர்களே, வென்டிலேட்டரைக் கவனிக்கும் கைகள்தாம் நோயாளியின் மலத்தையும் சளியையும் துடைக்கின்றன. அந்தக் கைகளுக்கு என்ன மதிப்பு?

தமிழ்நாடு அரசு 2015இல் போட்டித் தேர்வு நடத்திச் செவிலியர்களை எடுத்தது. அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதே வார்டில் நிரந்தரச் செவிலியருக்குப் பல மடங்கு. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. அதன் பிறகும், 2017இல் அவர்கள் சென்னையில் போராட வேண்டியிருந்தது.

தீவிர சிகிச்சைச் சிறப்புச் செவிலியராக மேற்படிப்பு வேண்டும், பணி அனுபவமும் வேண்டும். அன்றைய 7,700 ரூபாயில் வீட்டைப் பார்த்திருப்பாரா, படித்திருப்பாரா?

சாதி வேலையோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் காட்டினார். தொகுப்பூதியம் அதைத்தான் வார்டுக்குள் செய்கிறது.

காலமுறை ஊதியம், ஊதியத்துடன் படிப்பு விடுப்பு: இரண்டையும் சேர்த்தே கேட்போம். ஜெய் பீம்!