ஆணி அடிப்பதற்கு முன்



சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளிக்கு ஒரு பெட்டி வந்தது. முன்னாள் மாணவர் ஒருவர் அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு சிறிய மின்சார இரயில் இஞ்சின், ஆறு வண்டிகள், ஒரு கட்டுத் தண்டவாளத் துண்டுகள். பிள்ளைகளின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமா? பெற்றோர் ஆசிரியர் சங்கம் 4 அடிக்கு 8 அடிப் பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்தது. பற்றாக்குறைக்கு மேலும் சில தண்டவாளங்களும் வாங்கினோம். பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்ந்த பணம் அது.

நாங்கள் அவசரப்பட்டோம். பலகை வந்த அன்று மாலையே ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டோம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், சுற்றி வந்த பாதையின் இரு முனைகளும் ஒரு விரற்கடை அளவு சேராமல் நின்றன. வளைத்துச் சேர்த்தோம். இரயிலை ஓட விட்டோம். இடப்பக்கம் வளைந்த பாதை உடனே வலப்பக்கம் திரும்பும் இடத்தில் மூன்றாவது வண்டி தடம் புரண்டது. மறுபடியும் வைத்தோம், மறுபடியும் புரண்டது. ஆணிகளைப் பிடுங்கியபோது புதுத் தண்டவாளங்களில் பாதி உடைந்து போயிற்று. பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. குற்றம் எங்களுடையது, அவர்களுடையது அன்று.

மாதிரி இரயில் அமைக்கும் ஆர்வலர்கள் உலகின் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் வரைகிறார்கள், பிறகுதான் ஆணி அடிக்கிறார்கள். முன்பு காகிதமும் காம்பஸும் கொண்டு வரைந்தார்கள். இப்போது அதற்கென்றே கணினி மென்பொருள்கள் உள்ளன. எக்ஸ்டிராக்கேட் என்பது அவற்றுள் ஒன்று. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இது எங்களுக்கு ஆணி அடித்த பிறகுதான் தெரிந்தது.

மென்பொருளைத் திறந்ததும் அது அளவுவீதத்தைக் கேட்கும். எங்கள் இரயில் எச்.ஓ. எனப்படும் வகை. உண்மை இரயிலில் 87 அடி எதுவோ, அது இதில் 1 அடி. உலகில் பல நாடுகளில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87 ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர் வரும். பிள்ளைகள் அடிக்குச்சியால் அளந்து பார்த்தார்கள்; சரியாகவே இருந்தது. நம் நாட்டு கேடிஎம் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர்தான். ஆகவே, "சார், இது நம்ம ரயில் இல்லையா?" என்று கேட்ட ஒரு பையனுக்கு, இல்லையப்பா, நம்முடையதைச் செய்ய வேண்டுமானால் 11.5 மில்லிமீட்டர் அகலம் வேண்டும் என்று விளக்க நேர்ந்தது. அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அடுத்துப் பலகையின் நீள அகலத்தைக் கொடுக்க வேண்டும். பின்னர், கடைகளில் விற்கும் தண்டவாளத் துண்டுகளின் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரையில் பொருத்தலாம். முனைகள் சேர்கின்றனவா, எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். கடைசியில் எந்தத் துண்டு எத்தனை வேண்டும் என்ற கணக்கையும் அதுவே கொடுக்கும். அந்தக் கணக்கு முதலிலேயே எங்கள் கையில் இருந்திருந்தால்!

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு எட்டு என்ற எண்ணைப் போல ஒரு பாதை வேண்டும் என்று ஆசை. நடுவில் பாதை குறுக்கிடும் இடத்தில் ஒரு பாலம். ஒரு முறை பாலத்தின் மேலே, மறு முறை பாலத்தின் கீழே இரயில் போக வேண்டும். அவள் திரையில் 18 அங்குல ஆரமுள்ள இரு வளைவுகளை வைத்து வரைந்தாள். பலகைக்குள் அழகாக அடங்கியது. மொத்த நீளம் ஏறக்குறைய 250 அங்குலம்.

பாலத்தின் கீழே இரயில் தட்டாமல் போக 3 அங்குல உயரமாவது வேண்டும். மாதிரி இரயில்காரர்கள் 100 அங்குலத்துக்கு 2 அங்குலத்திற்கு மேல் ஏற்றம் வைக்கத் தயங்குவார்கள். உண்மை இரயிலுக்கே அது கடினமான ஏற்றம். அந்தக் கணக்கில் 3 அங்குலம் ஏற 150 அங்குலப் பாதை வேண்டும். எட்டின் ஒரு பாதியோ 125 அங்குலம். பாலத்தின் உச்சியிலிருந்து புறப்பட்ட இரயில் அந்த 125 அங்குலத்திற்குள் அதே பாலத்தின் அடிக்கு வந்தாக வேண்டும். 25 அங்குலம் போதவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "மேல்பாதையைப் பாதி ஏற்றி, கீழ்ப்பாதையைப் பாதி இறக்கினால் என்ன?" என்று கேட்டான். நல்ல கேள்வி, எங்களுக்கும் ஒரு கணம் சரியென்றே பட்டது. அவள் ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் ஏற்றத்தையும் மறுபக்கம் ஒன்றரை அங்குலம் இறக்கத்தையும் பதிவு செய்தாள். திரையில் முன்பு வந்த அதே எண் வந்தது: 2.4 விழுக்காடு. இரண்டு பாதைகளுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு மாறவில்லையே! பாலத்தின் பலகைக் கனத்துக்கு அரை அங்குலம் சேர்த்தால் 2.8 ஆகிவிடும். வகுப்பில் பலமுறை சொல்லியும் மண்டையில் ஏறாத விழுக்காட்டுக் கணக்கு, அன்று கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கே புரிந்தது.

பள்ளி விட்ட பிறகும் கணினி அறையில் உட்கார்ந்திருந்த மகளைத் தேடி அவள் தாயார் வந்தார். "என்ன சார், பொம்மை ரயிலுக்கா இவ்வளவு நேரம்? வீட்டுல வேலை கிடக்குது," என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போய்த் திரும்பியவர் அவர். நாங்கள் அவருக்கு ஒரு செய்தியைச் சொன்னோம். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாதிரி இரயில் மன்றம் ஒன்று தொடங்கியது. தொலைபேசி நிலையங்களுக்குரிய மின்விசைக் கருவிகளைப் பலகைக்கு அடியில் பொருத்தி, அந்த மாணவர்கள் தங்கள் இரயில்களை ஓட்டினார்கள். 1950-களின் இறுதியில் அவர்களில் பலர் அங்கிருந்த கணினிகளின் பக்கம் திரும்பினார்கள். 1962-இல் உருவான ஸ்பேஸ்வார் என்னும் தொடக்ககாலக் கணினி விளையாட்டு அவர்களிடையே பிறந்ததுதான். அந்தத் தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி சார், ஆறு மணிக்குள்ள அனுப்பிடுங்க," என்றார்.

வரைந்த பாதையில் திரையிலேயே இரயிலை ஓட்டியும் பார்க்கலாம். இரயில் ஓட்டுநர் இருக்கையில் அமர்வது போன்ற மென்பொருள்கள் வேறு வகை. 2001-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அப்படி ஒன்றை வெளியிட்டது. அதற்காகச் செய்த பாதைகளை ஓப்பன் ரெயில்ஸ் என்னும் இலவச மென்பொருளிலும் ஓட்டலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வரைபட மென்பொருளில் ஓடும் இரயில் எந்த ஏற்றத்திலும் சறுக்குவதில்லை. தண்டவாளத்தில் படியும் தூசியும், ஆணித்தலை தட்டும் சக்கரமும் அதற்குத் தெரியா. எங்கள் மூன்றாவது வண்டி புரண்ட வளைவில் திரை இரயில் ஒரு குறையுமின்றி ஓடியது! எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவே, மிக நீளமான வண்டியின் நீளத்துக்காவது ஒரு நேர்த்துண்டு வைக்க வேண்டும் என்பதை அனுபவசாலிகள் எழுதியதைப் படித்தே தெரிந்துகொண்டோம்.

கணினி இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். கட்டம் போட்ட தாளில் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை 4 அங்குலத்துக்கு 8 அங்குலமாகிவிடும். 18 அங்குல ஆரத்துக்குக் காம்பஸை ஒன்றரை அங்குலம் விரியுங்கள். பாதையின் மேல் நூலை வைத்து நீளத்தை அளந்து, 12 ஆல் பெருக்குங்கள். ஒரு காசும் செலவாகாது.

அந்த மாணவி பாலத்தை விடவில்லை. 2.8 விழுக்காடு இருந்துவிட்டுப் போகட்டும், ஆறு வண்டிகளுக்குப் பதிலாக மூன்றை மட்டும் இழுக்கட்டும் என்று முடிவு செய்தாள். உடைந்தவை போக மீதமிருந்த தண்டவாளங்களைக் கணினி கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டோம். ஏழு துண்டுகள் குறைந்தன. அவற்றை மட்டும் வாங்கினோம். இஞ்சின் மூன்று வண்டிகளுடன் முனகிக்கொண்டே பாலம் ஏறிவிட்டது. நான்காவதை மாட்டினால் பாதி வழியில் நின்று சக்கரம் மட்டும் சுற்றுகிறது. பிள்ளைகள் தினமும் அந்த நான்காவது வண்டியை மாட்டிப் பார்க்கத் தவறுவதில்லை.